மூன்று மணி விமானத்துக்கு ஆறு மணி சொன்னவன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் ஆபீஸில் கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் கைவசம் இல்லை. திருச்சி மன்னார்புரத்தில் இதே டிராவல்ஸ் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து விமான டிக்கெட் போட்டிருக்கிறேன். ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டு, "இவர் சொன்ன நேரத்துக்கு மேல ஒருத்தரும் காத்திருந்ததில்ல" என்று மைக்கில் பேசினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்த மாலையைக் கழற்றி வீசிவிட்டு எழுந்து போகலாம் போல இருந்தது. அந்தப் பேர் எனக்கு எப்படி வந்தது என்பதைத்தான் உங்களுக்கு எழுதப்போகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

முதலில் ஒரு விஷயம். திருச்சியிலிருந்து ஷார்ஜா ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். அதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நம் ஜனங்கள் தூரத்தை மணிக் கணக்கில்தான் கேட்பார்கள். "எத்தனை மணி நேரம் சார்?" இந்தக் கேள்விக்கு நம்மிடம் மூன்று பதில்கள் உண்டு. விமானம் காற்றில் பறக்கிற நேரம் ஒன்று. டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் நேரம் ஒன்று. அந்த மனுஷன் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிற நேரம் ஒன்று. கேட்கிறவர்களுக்கு மூன்றாவதுதான் வேண்டும். நாமோ நம் தலை தப்புவதற்கு எது வசதியோ அதைச் சொல்வோம்.

நானும் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான், எப்போது வெளியே வருவான் என்று கேட்டார்கள். பத்து மணிக்கு இறங்கும், பத்தே முக்காலுக்கு வெளியே வந்துவிடுவான் என்று டிக்கெட்டைப் பார்த்துச் சொன்னேன். அவர்கள் வேன் பிடித்து, மாலை வாங்கி, குழந்தை குட்டியெல்லாம் ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்கள். விமானம் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தது. மறுநாள் அந்தப் பையனின் சித்தப்பா கவுண்டருக்கு வந்து, பத்துப் பேர் முன்னால் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். "வெயில்ல குழந்தைய வெச்சுக்கிட்டு நாங்க பைத்தியக்காரங்க மாதிரி நின்னோம்யா. உனக்கெல்லாம் எதுக்குய்யா இந்த உத்தியோகம்?"

அவர் போன பிறகு என் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். கோபிக்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார். "இனிமே யார் கேட்டாலும் ரெண்டு மூணு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்க. முன்னாடியே வந்துட்டா சந்தோஷமா கும்பிட்டுட்டுப் போவான். லேட்டா வந்தாத்தான் சட்டையப் பிடிப்பான். கூட்டிச் சொன்னவன யாரும் திட்டினதில்ல" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். எனக்கு அன்றைக்கு அது பெரிய வேதமாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு கூட்டினேன். விமானம் தாமதமாகும் என்று ஒரு மணி. பாஸ்போர்ட் வரிசைக்கு ஒரு மணி. பெட்டி வருவதற்கு முக்கால் மணி. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் யோசிக்காமல் அந்தக் கணக்கு வாயில் வந்துவிடும். முதலாளி சொன்னது போலவே ஒருவரும் என்னைத் திட்டவில்லை. "சார் ஆறுன்னு சொன்னாரு, நாலரைக்கே வந்துட்டான் பாருங்க" என்று இனிப்பு கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றிருக்கிறேன்.

இனிமேல்தான் விஷயம்.

பாலக்கரைப் பக்கம் ஒரு குடும்பம். இரும்புக் கடை வைத்திருந்த பெரியவர், அவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மகன் நசீர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். போக வர எல்லா டிக்கெட்டும் என்னிடம்தான். மகளின் கணவர் ஜமால் இங்கேயே இருந்து கடையைப் பார்த்துக்கொண்டார். பெரியவர் எனக்கு நன்றாகப் பழக்கம். கடை வேலையாக எங்கள் பக்கம் வந்தால் எட்டிப் பார்த்து, "என்ன சார், எங்க புள்ளய எப்ப ஏத்தி அனுப்புறீங்க?" என்று கேலி பண்ணுவார்.

ஒரு சித்திரை மாதம். நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மணி ஆறே கால் இருக்கும். ஜமால் போன் பண்ணினார்.

"சார், மாமா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு வந்து உக்காந்தாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க. மச்சானுக்கு உடனே ஒரு டிக்கெட் போடுங்க சார்."

 வேலையில் குறை வைக்கவில்லை. ஈரத் துண்டோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஷார்ஜாவிலிருந்து நேராகத் திருச்சிக்கு ஒரு விமானம். நம் நேரப்படி பதினொன்று ஐந்துக்குக் கிளம்பி, மூன்று ஐந்துக்கு இறங்கும். நசீரை போனில் பிடித்தேன்.  "பெட்டி ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார். போட்டிருக்கிற சட்டையோட வர்றேன்" என்றார். பெட்டி இல்லாத டிக்கெட்டாகப் போட்டு அனுப்பினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். என் கையால்தான் போட்டேன்.

அப்புறம் பஸ் ஏறி மன்னார்புரம் வந்து கவுண்டரைத் திறந்தேன். பதினொன்றரை மணிக்கு ஜமாலும் அவர்கள் பள்ளிவாசல் முத்தவல்லியும் வந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற பெரியவர் அவர், எழுபது வயசு இருக்கும். அந்த வெயிலில் ஸ்கூட்டரில் வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணு தெரிஞ்சுக்கணும். மகன் எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவார்?"

"என்ன விஷயம் பாய்?"

"அவங்க உசுரோட இருக்கையிலயே எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. ஐஸ் பெட்டியில போடக் கூடாது, அஸரைத் தாண்டி வைக்கக் கூடாதுன்னு. அஸர் தொழுகை அஞ்சு மணிக்கு. அதுக்குள்ள மகன் வந்துடுவார்னா கண்டிப்பா வெச்சிருப்போம். மகன் வந்து முகத்தப் பார்க்கட்டும். வர முடியாதுன்னா, சும்மா வெச்சுக்கிட்டு இருக்கிறதுல அர்த்தமில்ல. லுஹர் தொழுததும், ஒண்ணே காலுக்கு எடுத்துடலாம்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் ஒரு கேள்வியைக் கேட்க முடியாது. ஐந்து மணிக்குள் வருவாரா, மாட்டாரா? ஒரு மகன் தகப்பன் முகத்தைப் பார்ப்பானா, மாட்டானா? அதுதான் கேள்வி. அவர்கள் இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லித் தருகிறேன், கேளுங்கள். ஏர்போர்ட்டில் எனக்குத் தெரிந்த ஆள் இருந்தார். அவருக்கு ஒரு போன் போட்டு, ஷார்ஜா விமானம் கிளம்பிவிட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். கிளம்பிவிட்டது, சரியான நேரத்துக்கே கிளம்பிவிட்டது என்று அவர் சொல்லியிருப்பார். கையில் பை மட்டும்தான், பெட்டிக்கு நிற்க வேண்டாம் என்று நானே கழித்திருக்க வேண்டும். ஏர்போர்ட்டிலிருந்து பாலக்கரைக்குப் பகலில் இருபது நிமிஷம், போனால் போகிறது அரை மணி. எப்படிப் போட்டாலும் நாலு மணிக்கு வீடு. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் போதும்.

நான் போனைத் தொடவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பெரிய அனுபவசாலி மாதிரி உதட்டைப் பிதுக்கினேன்.

"டிக்கெட்ல மூணு மணின்னுதான் இருக்கும். அது பேருக்குத்தான் பாய். ஒரு மணி நேரம் லேட்டாத்தான் வரும். பாஸ்போர்ட் வரிசையில ஒரு மணி. பெட்டி வர்றதுக்கு முக்கால் மணி. ஆறு மணி ஆயிடும்னு வெச்சுக்குங்க."

ஜமால் தயங்கினார். செல்போனை நீட்டிக் காட்டினார். "இதுல பார்த்தேன் சார். ஷார்ஜா திருச்சி நாலு மணி நேரம்தான்னு போட்டிருக்கு. மச்சான் ஏறிட்டேன்னு மெசேஜும் போட்டுட்டார். அஞ்சு மணிக்குள்ள வந்துட மாட்டாரா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் கவுண்டரில் வந்து எனக்கே செல்போனைக் காட்டுவதா என்று. "அது சொல்லும். நான் இருபத்தஞ்சு வருஷமா டிக்கெட் போடுறேன். உங்களுக்கு அதுல நம்பிக்கைன்னா அதையே கேட்டுக்குங்க" என்றேன்.

சாவு வீட்டிலிருந்து வந்து நிற்கிற மனுஷனிடம் இப்படிப் பேசினேன். என் வாயில் அன்றைக்கு சனியன்தான் உட்கார்ந்திருந்தது. சனியன் மேல் பழி போடுவதும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். பேசியது நான்.

முத்தவல்லி ஜமாலின் தோளைத் தொட்டார். "சார் தொழில்ல இருக்கிறவங்க. அவங்களுக்குத் தெரியாததா? வா, லுஹருக்கே எடுத்துடலாம். அல்லாஹ் நாட்டம் அப்படி இருந்தா நாம என்ன பண்றது." பிறகு என்னைப் பார்த்து, "நல்லதுங்க தம்பி, தெளிவா சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தெளிவாகச் சொன்னேனாம்.

அன்றைக்கு விமானம் கால் மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிட்டது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் அப்படி வரும், உங்களுக்கே தெரியும். பெட்டி இல்லாத ஆள், எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். வரிசையில் நின்றவர்களிடம், "எங்க அத்தா மௌத்து, வழி விடுங்க" என்று அழுதிருக்கிறார். ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயம் என் கணக்கில் எங்கேயுமே கிடையாது. சாவுக்குப் போகிறவனுக்கு ஊர் வழி விடும் என்பது இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரியவில்லை.

மூன்று இருபத்தைந்துக்குத் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கியிருக்கிறார். வாசலில் பந்தல் இருந்தது, நாற்காலிகள் இருந்தன. ஆண்கள் அடக்கம் முடித்து, கபுருஸ்தானிலிருந்து திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜமாலைப் பார்த்து, "அத்தா எங்க மச்சான்?" என்று கேட்டிருக்கிறார்.  அங்கிருந்து அப்படியே கபுருஸ்தானுக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். மண்ணில் தெளித்த தண்ணீர்கூடக் காயவில்லை. அஸருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

இதையெல்லாம் மறுநாள் ஜமால்தான் போனில் சொன்னார். குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. மனசு ஆறாமல் சொன்னார். "என்ன சார் பண்றது, ஃப்ளைட்டு முன்னாடியே வந்துடுச்சு" என்று அவரே எனக்காகச் சமாதானமும் சொல்லிக்கொண்டார். நானும், "ஆமாங்க, என்னிக்குமே இல்லாம அன்னிக்குன்னு பார்த்து வந்திருக்கு" என்றேன். இரண்டாவது பொய் அது. முதல் பொய்யையாவது வாய்த் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இதை நன்றாக யோசித்து, தெரிந்தே சொன்னேன்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். சாதம் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திவிட்டு, "ஏர்போர்ட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"பொட்டி இல்லன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் எந்தக் கணக்குல பொட்டிக்கு முக்கால் மணி சொன்னீங்க?"

  ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து நசீர் திரும்பிப் போவதற்கு டிக்கெட் போட வந்தார். தாடி வளர்ந்திருந்தது, ஆள் பாதியாகியிருந்தார். எதிரே வந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்:

"ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது அத்தா கேப்பாங்க சார், ஷார்ஜா ரொம்பத் தூரமாப்பான்னு. நாலு மணி நேரம்தான் அத்தா, சென்னைக்கு ரயில்ல போறத விடக் கிட்ட, நீங்க கூப்பிட்டா வந்து நிப்பேன்னு சொல்லிட்டுத்தான் போவேன். அத நம்பித்தான் அவங்க என்னை அனுப்பினாங்க. நானும் அத நம்பித்தான் போனேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். 'நீங்கள் அப்பாவிடம் சொன்னது சரிதான் தம்பி, தப்பு என்னுடையது, நான்தான் மூன்று மணி நேரம் கூட்டிச் சொல்லி உங்களை ஏமாற்றிவிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். அடித்திருப்பார். அடித்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். நான் டிக்கெட்டை அச்செடுத்து, மடித்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். "மனசத் தேத்திக்குங்க தம்பி" என்றேன். அவ்வளவுதான் என் ஆண்மை.

பிள்ளைகளே, உங்களுக்குப் பாடம் வேண்டும் அல்லவா? இந்தாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்துகொள்ள முடியுமென்றால் போனை எடுத்துக் கேளுங்கள். கேட்கிற ஆள் எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். மாலையும் வேனுமாக வரவேற்கப் போகிறவருக்குக் கூட்டிச் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம். ஒரு முடிவு எடுப்பதற்காகக் கேட்கிறவருக்குக் கூட்டிச் சொன்னால், அவருடைய முடிவை நாம் எடுத்துவிடுகிறோம். நம் தோல் தப்புவதற்காக எடுத்துவிடுகிறோம். ஜாக்கிரதையாக இருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொள்வதில் முக்கால்வாசி பயம்தான். இதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம், படித்துவிட்டு மறக்காமல் இருந்தால் போதும். இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றால், இல்லை. ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷம் போயிற்று. நசீர் லீவில் வந்திருந்தார். அவர் அம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு என்று புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். திரும்பிப் போகும் டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒளிக்காம சொல்லணும்."

"கேளுங்க தம்பி."

"அங்க எனக்கு சூப்பர்வைசர் வேலை குடுக்குறாங்க. பத்து வருஷமா காத்திருந்தது. போகணும்னுதான் ஆசை. ஆனா அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னால நேரத்துக்கு வந்து சேர முடியுமா? எல்லாரும் நாலு மணி நேரம்தான், போயிட்டு வான்னு சொல்றாங்க. அந்த நாலு மணி நேரத்த நம்பித்தான் அத்தாவ விட்டேன். அன்னிக்கு ஃப்ளைட்டு முன்னாடி வந்தது என்னிக்கும் நடக்காததுன்னு நீங்க மச்சான்கிட்ட சொன்னீங்களாம். மத்த நாள்ல ஆறு மணி ஆகும்னு உள்ளது உள்ளபடி சொன்னது நீங்கதான். நீங்க முடியும்னு சொன்னா போறேன். முடியாதுன்னா வேலைய விட்டுட்டு இங்கயே இருந்துடறேன்."

எனக்கு உண்மை தெரியும். காலையில் ஒரு போன் வந்தால் மத்தியானம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அத்தாவுக்கே அவர் நேரத்தோடு வந்து சேர்ந்தவர்தான். தாராளமாகப் போய் வாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? 'அப்படின்னா அன்னிக்கு ஏன் சார் ஆறு மணின்னு சொன்னீங்க?'

அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"நம்ம ஃப்ளைட்டையெல்லாம் நம்ப முடியாதுங்க தம்பி. பத்து மணி, பன்னண்டு மணி நேரம்கூட ஆகும். உத்தரவாதமா ஒண்ணும் சொல்ல முடியாது."

 நசீர் டிக்கெட்டை என் பக்கம் தள்ளினார். "அப்ப இதக் கேன்சல் பண்ணிடுங்க சார்."

கேன்சல் பண்ணினேன். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சரியாக அடித்தேன். அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். தன் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, உங்ககிட்ட வந்து கேட்டேன் சார்" என்றார்.